மேலே வந்தவனுக்கும் பங்கு

சங்கு குளிக்கப் போகும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் படகுக்காரர்களுக்கும்,

நான் உங்களில் ஒருவருடைய மகள். என் அப்பா தூத்துக்குடிக் கடலில் முப்பது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். அந்தக் காசில்தான் படித்தேன். படித்த படிப்பு, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்கிற படிப்பு. ஆசைப்பட்டுச் சேர்ந்ததல்ல, அன்றைக்குக் கிடைத்த இடம் அது. ஆனாலும் இருபது வருஷமாக ஊரார் காதைப் பார்த்துக்கொண்டிருப்பவள், சொந்தக் கரைக்காரர்களின் காதைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. இப்போது திறக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: "காது தொறந்துட்டு." புதிதாகக் குளிக்கப் போன பையன் முதல் சில நாள் காது வலியில் துடிப்பான். பிறகு ஒருநாள் தண்ணீருக்குள் "டப்" என்று ஒரு சத்தம். மூக்கில், சில சமயம் காதில் துளி ரத்தம். அதோடு வலி நின்றுவிடும். மேலே வந்து சொல்வான், பெரியவர்கள் சிரிப்பார்கள். "காது தொறந்துட்டுல்லா, இனி நீ குளியாளு." பூசைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிய வீடுகள்கூட உண்டு. சின்ன வயதில் நானும் அதை ஏதோ வரம் என்றுதான் நினைத்தேன்.

திறந்தது காது இல்லை. காதுச் சவ்வு கிழிந்தது. வலி நின்றது உண்மைதான். ஓட்டை விழுந்ததால் தண்ணீர் உள்ளே போய், இரண்டு பக்கமும் அமுக்கம் சமமாகிவிட்டது. அதனால் வலி நின்றது. வீட்டுக் கதவை உடைத்துவிட்டால் பூட்டைத் திறக்கும் தொல்லை இருக்காது என்பது மாதிரியான நிம்மதி அது. நம் ஆட்கள் பொய் சொல்லவில்லை. நடந்ததைச் சரியாகப் பார்த்து, தப்பாகப் பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். காலியான தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கிக் கையோடு கீழே கொண்டுபோயிருக்கிறீர்களா? போகப் போக நசுங்கும். பத்து மீட்டரில், அதாவது நம் கணக்கில் ஐந்தரை பாகத்தில், உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். காதுச் சவ்வுக்கு உள்பக்கம் இருக்கிற நடுக்காதும் அப்படி ஒரு பாட்டில்தான். அதற்கு ஒரே ஒரு வாசல். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய குழல் அது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். கீழே இறங்கும்போது அந்த வாசலைத் திறந்து காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்பாவிட்டால், வெளித் தண்ணீர் சவ்வை உள்ளே தள்ளும். சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பரப்பு அரை சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பத்து மீட்டரில் அதன்மேல் கூடுதலாக ஏறும் பாரம் அரைக் கிலோவுக்கும் மேல். ஒரு பெரிய சங்கைத் தூக்கிக் காதுச் சவ்வின்மேல் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்று உண்டு. "பத்து பாகம் போறவன்தான் பயப்படணும், ரெண்டு பாகத்துல என்ன?" என்று கேட்பீர்கள். காதைப் பொறுத்தவரை மேல் தண்ணீர்தான் மோசம். முதல் பத்து மீட்டரில் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த பத்து மீட்டரில் மூன்றில் ஒன்றாகிறது. அதற்கும் கீழே போகப் போக மாற்றம் குறைந்துகொண்டே வரும். ஆகவே அதிகமாக அடிபடுவது முதல் இரண்டு மூன்று பாகத்துக்குள்தான். ஒன்றே கால் மீட்டர் அளவுக்குள், அதாவது முக்கால் பாகம்கூட முடிவதற்குள், காற்றை அனுப்பாமல் போய்விட்டால் அந்தக் குழலின் வாயை அமுக்கமே இறுக்கிப் பூட்டிவிடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஓரிரு மீட்டர் தாண்டியதுமே சவ்வு கிழிந்தவர்கள் உண்டு. ஐந்து மீட்டர் வரை தாங்கியவர்களும் உண்டு. யாருடைய சவ்வு எதுவரை தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னாலும் முடியாது, எந்தக் கருவியாலும் முடியாது.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிற அக்காமாரும் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் சங்கு குளிப்பவர்கள் அல்ல, ஆழத்துக்குப் போவதில்லை என்று உங்களை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை முங்கி எழுகிறீர்கள்! ஒவ்வொரு முங்கலும் மேல் தண்ணீரில்தான். காதுக்கு மோசமான அந்த இடத்திலேயே நாள் முழுவதும் ஏறி இறங்குகிறீர்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொள்கிறீர்கள். பாறை கீறினால் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. காது கீறினால் தெரிவதில்லை.

என் அப்பாவின் வலது காது போன நாளைச் சொல்கிறேன்.

இரண்டு நாளாகச் சளி. காலையிலேயே மூக்கு அடைப்பு. அம்மா, "இன்னைக்குப் போவாண்டாம்" என்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். முதல் முங்கலில் காது அடைத்தது. மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "காது எடுக்கமாட்டேங்கு" என்றிருக்கிறார். படகில் இருந்த ஒருவர், பேர் வேண்டாம், அவர் இப்போது உயிரோடு இல்லை, "பெரியவருக்கு வயசாயிட்டு, கரையில உக்காந்து வலை பின்னச் சொல்லுங்க" என்றார். சிரிப்பு. அப்பாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

மறுபடி இறங்கினார். இந்த முறை மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, உயிரைக் கொடுத்து ஊதினார். சவ்வு கிழிந்த சத்தம் மாதிரி இல்லை, உள்ளே என்னவோ அறுந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். கடல் தலைகீழாகச் சுற்றியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கயிறு கையில் இருந்ததால் மேலே வந்தார். வந்ததும் வாந்தி. பித்தம் என்றார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். வீட்டில் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டோம், பூண்டு தட்டிப் போட்டு. விட்டது நான்தான். மூன்றாம் நாள் கடலுக்குப் போய்விட்டார்.

இதில் எத்தனை தப்பு என்று எனக்குப் பத்து வருஷம் கழித்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போனார், எனக்கு நல்லெண்ணெய் வாசம் வந்தது.

மூக்கைப் பிடித்து ஊதுகிற அந்த முறைக்குப் பேர் வால்சால்வா முறை. இத்தாலியில் பொலோனியா நகரத்தில் இருந்த அன்டோனியோ வால்சால்வா என்ற மருத்துவர் 1704-ல் காதைப் பற்றி எழுதிய நூலில் சொன்னது. அவர் கடலில் குளிப்பவர்களுக்காகச் சொல்லவில்லை. காதில் சேர்ந்த சீழை வெளியேற்றுவதற்குச் சொன்னார். மெதுவாகச் செய்தால் நல்ல முறைதான். உயிரைக் கொடுத்து ஊதினால் ஆபத்து, ஏனென்றால் முக்கும்போது மண்டைக்குள் இருக்கிற நீரின் அமுக்கம் ஏறும். அது உள்காதுக்கும் போகும். உள்காதில் ஒலியை உணரும் உறுப்பின் வடிவத்தை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். பட்டாணி அளவில் ஒரு சங்கு. நத்தை எலும்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது, எனக்கு அது சங்குதான். இரண்டரைச் சுற்றுச் சுற்றி, உள்ளே நீர் நிரம்பி, அந்த நீரில் மயிரிழை போன்ற உணர்செல்கள். அந்தச் சங்குக்கு மெல்லிய தோல் போர்த்திய ஒரு வட்டச் சன்னல் உண்டு. வெளியிலிருந்து அமுக்கம் ஒரு பக்கம், உள்ளே முக்கியதால் வந்த அமுக்கம் மறுபக்கம் என்று ஏறினால் அந்தச் சன்னல் கிழிந்து நீர் ஒழுகும். கேட்கும் சக்தி போகும், தலை சுற்றும், நிற்காத இரைச்சல் வரும். வெளிச் சவ்வு கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். இந்த உணர்செல் செத்தால் திரும்ப முளைக்காது.

வங்காளத்துக் கல்யாணப் பெண்ணின் கைவளையலுக்காக வெளியே இருக்கிற சங்கைத் தேடிப்போய், உள்ளே இருக்கிற சங்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தார் என் அப்பா.

அவரை ஒருநாள் என் சோதனை அறையில் உட்கார வைத்தேன். சத்தம் புகாத அறை. காதில் ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா இந்தப் பொத்தான அமுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் எந்த ஒலியும் கொடுக்காதபோதே அமுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கேட்டேன். "கேக்குதே ஏளா, விடாம கேக்குதே" என்றார். அவர் காதின் சொந்த இரைச்சல் அது. குழந்தைகள் சங்கைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறது என்பார்களே, அவருக்குச் சங்கே வேண்டாம். வலது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ச போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இடது காதைப் பொத்திக்கொண்டு "சங்கு" என்று சொன்னால் "அங்கு" என்று கேட்கும் அவருக்கு. ஆயுள் முழுக்க அதை எடுத்தவருக்கு அதன் முதல் எழுத்து இல்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

வலிப்பதற்கு முன்னால் காற்றை அனுப்புங்கள். வலி வந்த பிறகு அல்ல. தலை தண்ணீருக்குள் போகும் முன்பே ஒருமுறை, பிறகு கை நீளம் இறங்குவதற்குள் மறுபடி ஒருமுறை, அப்படியே தொடர்ந்து. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டே எச்சில் விழுங்குங்கள். எண்ணி ஐந்து நொடிக்கு மேல் ஊத வேண்டாம். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வாருங்கள், பூட்டு இளகும். இரண்டாம் முறையும் திறக்காவிட்டால் அன்றைக்கு அந்தக் காது வராது என்று அர்த்தம். தலைகீழாகப் பாயாதீர்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கினால் குழல் சுலபமாகத் திறக்கும். முத்துக்குளிப்புக் காலத்தில் கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு இறங்கினார்கள். அவர்களுக்கு மூச்சுக்குப் பஞ்சம், வேகமாக இறங்கியாக வேண்டும். உங்களுக்குக் கம்ப்ரசர் இருக்கிறது. மெதுவாக இறங்கினால் என்ன குடிமுழுகிவிடும்? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குழாயில் வரும் காற்று நெஞ்சுக்குப் போகும். காதுக்குத் தானாகப் போகாது. அங்கே நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

சளி இருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது விரிகிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. அப்போது சவ்வு உள்ளிருந்து வெளியே புடைக்கும். இறங்குவதை நிறுத்தலாம், ஏறுவதை நிறுத்த முடியுமா?

சவ்வு கிழிந்து தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றும். நம் கடல் வெதுவெதுப்புதான், ஆனாலும் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. அந்த வித்தியாசமே உள்காதைக் குழப்பப் போதும். பதறி நீந்தாதீர்கள், கீழ்நோக்கி நீந்திவிடுவீர்கள். கயிறோ பாறையோ கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு இருங்கள். உள்ளே போன தண்ணீர் சூடானதும் சுற்றல் அடங்கும். எது மேல் என்று தெரியாவிட்டால் குமிழி போகிற பக்கத்தைப் பாருங்கள்.

கரைக்கு வந்தபின் எண்ணெய் வேண்டாம், பூண்டு வேண்டாம், பஞ்சுக் குச்சி வேண்டாம். ஓட்டை விழுந்த காதில் எதை ஊற்றினாலும் நடுக்காதுக்குத்தான் போகும், சீழ் பிடிக்கும். காது நனையாமல் இருந்தால் பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூன்று நாள் அல்ல, வாரக்கணக்கு. மூடிவிட்டதா என்பதை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், வலி நின்றதை வைத்து நீங்கள் முடிவு செய்யக் கூடாது. கேட்பது சட்டென்று குறைந்து, தலையும் சுற்றினால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அப்பாவுக்கு அன்று அது நடந்திருந்தால் மிச்சம் ஏதாவது பிழைத்திருக்கும். வெகுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு மேலே வந்தபின் சுற்றலோ கை கால் மரப்போ வந்தால் அது வேறு, ரத்தத்தில் காற்றுக் குமிழி சேர்வதால் வருவது. அதுவும் காத்திருக்கக் கூடாத விஷயம். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். ஆனால் இதெல்லாம் தெரியாததால் மட்டும் நம் ஆட்களின் காது போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காது எடுக்கவில்லை என்று தெரிந்தது. மேலே வந்தார். வாய்விட்டும் சொன்னார். அப்புறம் ஏன் திரும்ப இறங்கினார்?

அவர் போன படகில் கணக்கு எளிது. எடுத்த சங்குக்குக் காசு. எடுக்காதவனுக்குச் சுழி, அதோடு கேலி இலவசம். சங்கின் விட்டத்தை அளந்து விலை போடுகிற தொழிலில், அதை எடுத்தவனின் காதை ஒருநாளும் யாரும் அளந்ததில்லை. ஒருகாலத்தில் முத்துக்குளிப்பில் சுறா அண்டாமல் மந்திரம் சொல்ல கடல்கட்டி என்று ஒருவரை வைத்து, அவருக்கும் பங்கு கொடுத்தார்கள். தண்ணீரில் இறங்காமல் மந்திரம் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்றால், இறங்கி, காது அடைத்து, புத்தியோடு மேலே வந்தவனுக்கு ஏன் இல்லை?

ஆகவே படகுக்காரர்களே, என் கோரிக்கை முதலில் உங்களுக்கு. காது எடுக்கவில்லை என்று ஒருவன் மேலே வந்தால், அன்றைக்கு அவனுக்கும் ஒரு பங்கு என்று உங்கள் படகில் பேசி முடிவு செய்யுங்கள். முழுப் பங்கு முடியாவிட்டால் பாதி. அவன் சும்மா இருக்க வேண்டாம். குழாய் பார்க்கட்டும், கயிறு பிடிக்கட்டும், கம்ப்ரசர் பக்கம் நிற்கட்டும், அதற்கும் ஆள் வேண்டும்தானே. இதைப் பொய் சொல்லி ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஒருவன் ஒருநாள் ஏமாற்றினால் உங்களுக்கு ஒருநாள் பங்கு நட்டம். இன்னொருவன் கூச்சப்பட்டு இறங்கினால் அவனுக்கு ஆயுள் நட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தம்பிமாரே, உங்களிடம் கேட்பது காசு விஷயம் இல்லை. மேலே வந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவ்வளவுதான். "காது தொறந்துட்டு" என்று புதுப்பையனுக்குக் கை கொடுப்பதையும் விடுங்கள். அவன் காது கிழிந்திருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள், காலைப் பூசை முடிந்ததும் நான் வருகிறேன். காதுக்குள் பார்க்கும் விளக்கும், கேட்கும் திறனைச் சோதிக்கும் சிறு கருவியும் கொண்டு வருவேன். காசு வேண்டாம். சத்தமில்லாத ஒரு அறை மட்டும் பார்த்து வையுங்கள், பக்கத்தில் கல்யாண வீடு இருந்தால் ஒலிபெருக்கியை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள். அக்காமாரும் வரலாம், பதினாறு வயதில் படகேறிய பையன்கள் கட்டாயம் வர வேண்டும். அப்பாவும் கூட வருவார், என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே சொல்வதற்கு. அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இடது பக்கமாக வந்து கேளுங்கள்.